ஜன்னல் வழியாகக் கொடுத்த பிள்ளை

ஏழு பத்துக்கு ஒரு பஸ். அதை விட்டால் எட்டரைக்குத்தான் அடுத்தது. மங்கலம்பேட்டையில் புறப்பட்டு விருத்தாசலம் போகும். எங்கள் ஊர் ரோட்டு முனைக்கு வரும்போதே உள்ளே ஆள் அடைந்துபோய், படிக்கட்டில் நாலு பேர் தொங்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பஸ்ஸில் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று வருஷம் போய்வந்தவள் நான். அதனால் அந்தக் காலத்துப் பஸ்ஸைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். யாரிடம் விடுவது? என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் பத்து நாளைக்கு ஒருமுறை முகத்தைக் காட்டுவார். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர். என் தாய்வீடு ஸ்ரீமுஷ்ணத்துக்கும் அப்பால். பக்கத்து வீட்டுக்காரி, "எங்கிட்ட வுட்டுட்டுப் போயேன், நான் பாத்துக்க மாட்டனா" என்றாள். ஒரு நாள் விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால், ஆறு மாதப் பிள்ளை கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்து எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயில் விரலை விட்டு எடுத்தேன். கோழி இறகு. அவள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வேலையை விடவும் முடியாது, விட எனக்கு மனசும் இல்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் கப்புகளுக்குக் காது ஒட்டுகிற வேலை எனக்கு. டீ குடிக்கிறவர்கள் விரலை விட்டுப் பிடிக்கிறார்களே, அந்தக் காதுதான். இதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அச்சில் வார்த்து எடுத்த கப்புகளை முந்தின நாளே பலகையில் வரிசையாக வைத்து ஈரத்துணி போர்த்தியிருப்பார்கள். காலையில் துணியை எடுக்கும்போது மண் ஒரு பதத்தில் இருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் களிமண் கூழைத் தொட்டுக் காதை ஒட்டிவிட வேண்டும். பதம் தவறிக் காய்ந்துவிட்டால், ஒட்டின காது பார்வைக்கு ஒட்டினதுபோலத்தான் இருக்கும். சூளைக்குள் போனதும் கழன்று விழும். நான் ஒட்டின காது விழுந்தது கிடையாது. எங்கள் மேஸ்திரி மற்றவர்களுடைய கப்புகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காதைச் சுண்டிப் பார்ப்பார். என் பலகைக்கு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போவார். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் கைவேலையில் ஒருவரும் குறை கண்டதில்லை.

எட்டேகாலுக்குக் கம்பெனியில் சங்கு ஊதும்போது நான் பலகை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், எட்டு மணிக்குள், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டிருக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் சேர்ந்து, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஓர் ஓட்டு வீட்டில் அந்தக் காப்பகத்தை நடத்தினார்கள். பத்துத் தூளி, ஓர் ஆயா, ஒரு டீச்சரம்மா. அந்த ஆயாவைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நேரத்துக்குக் கஞ்சி கொடுப்பாள், ஈரத்துணியில் பிள்ளையைப் போட மாட்டாள். இடம் கேட்டு எங்கள் கம்பெனியிலேயே ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை பெரிதாகிப் போனால்தான் ஒரு தூளி காலியாகும். எனக்கு அது கிடைத்தபோது, நாலு மாதமாகக் காத்திருந்தவள் ஒருத்தி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

எட்டு அடித்ததும் காப்பகத்துக் கதவைச் சாத்துவார்கள். அதற்குப் பிறகு வந்தால் டீச்சரம்மா கதவைத் திறந்து, நோட்டை எடுத்து, பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் பிள்ளையை வாங்குவார். மூன்று புள்ளி விழுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். தூளி அடுத்தவளுக்குப் போய்விடும்.

டீச்சரம்மாவின் வீடு காப்பகத்துக்கு எதிர்ச்சாரியில். தெருவைத் தாண்டினால் வேலைக்கு வந்துவிடுவார். எங்களுக்கு நடுவில் தெரு இல்லை, ரயில்வே கேட் இருந்தது. ஜங்ஷன் ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமை கேட்டில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். சரக்கு வண்டி முன்னால் போகும், போன வண்டி பின்னால் வரும், ஒரு பெட்டியைக் கழற்றுவார்கள், இன்னொன்றைக் கோத்துவிடுவார்கள். கேட் சாத்தினால் கால் மணியும் ஆகும், அரை மணியும் ஆகும். சாத்தியிருந்தால் நான் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் நுழைகிற சந்து வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டி நடந்துவிடுவேன். ஆனால் சரக்கு வண்டி ரோட்டுக்குக் குறுக்கேயே நின்றுவிட்டால் அதுவும் முடியாது. ஆண்கள் இரண்டு பெட்டிக்கு நடுவில் குனிந்து புகுந்து அந்தப் பக்கம் போவார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அப்படிப் போனதில்லை. அந்த மாதிரி நின்ற இரண்டு நாளில் இரண்டு புள்ளி விழுந்துவிட்டது.

இரண்டாவது விழுந்த அன்று டீச்சரம்மாவிடம் பேசிப் பார்த்தேன்.

"கேட்டு சாத்திட்டாங்க டீச்சரம்மா. வண்டி குறுக்க நின்னுப் போச்சி."

"கேட்டு தெனமும்தான் சாத்துறாங்க. அதுக்கு முந்தின பஸ்ஸுல வர வேண்டியதுதானே?"

"முந்தின பஸ்ஸு இல்லீங்க."

"அப்ப வூட்ட வுட்டு சீக்கிரமா கெளம்புங்க."

நான் விடியற்காலம் நாலு மணிக்குக் கிளம்பினாலும், ரோட்டு முனையில் நின்று ஏழு பத்துப் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

பஸ்ஸில் ஏறுவது அதைவிடப் பெரிய கூத்து. கண்டக்டருக்குக் கைப்பிள்ளைக்காரி என்றாலே ஆகாது. பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் பிள்ளையோடு ஏறுகிறவள் இரண்டு ஆள் இடத்தை அடைப்பாள். படியேற நேரமாகும். யாராவது எழுந்து இடம் கொடு என்று அவன் கேட்க வேண்டும், அதற்கு ஒரு சண்டை. என்னைக் கண்டதும், "வந்துட்டாங்கய்யா ராணி, பல்லக்க எறக்குங்க" என்பான்.

"பல்லக்குக்கு முன்னால ஊதுறவன் நீதான், ஊது" என்பேன் நானும். விட்டுக்கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். பிள்ளைக்காரிகள் பிள்ளையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிடுவோம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்க வேண்டியதில்லை, வெளியே இருந்து கை நீண்டால் உள்ளே இருந்தும் கை நீளும். அப்புறம் இரண்டு கையும் காலியாக ஓடிப் பின்படியில் தொத்திக்கொள்ளலாம். இறங்கினதும் அதே ஜன்னலில் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. வேறு எப்படித்தான் ஏறுவது?

அந்தப் பஸ்ஸில் மூன்றாவது ஜன்னலில் மட்டும் குறுக்குக் கம்பி ஒன்று கழன்று போயிருந்தது. அந்த ஜன்னலோரம் தினமும் வருகிறவர் ஒரு பாய். மங்கலம்பேட்டையில் ஏறுவார். விருத்தாசலம் கடைத்தெருவில் குடைக்கடை வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, காலடியில் சோற்றுத் தூக்கு. பிள்ளையை வாங்கிக்கொள்வார், வாங்கும்போதே முணுமுணுப்பார்.

"தங்கச்சி, இன்னிக்காவது காஞ்சி இருக்குதா?"

"காஞ்சிதான் இருக்குது பாய்."

"நேத்தும் அதத்தான் சொன்ன. கடைக்கி வந்தவன்லாம் என் வேட்டியப் பாத்துட்டு, என்னா பாய், ஒங்க கொடையே ஒழுவுதான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறான்."

இரண்டு புள்ளி விழுந்த கதை அந்தப் பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். மறுநாளே பஸ் முழுக்கக் கேட்கும்படி நான் சொல்லித் தீர்த்திருந்தேன். பாய் கேட்டுவிட்டு, "மூணாவது வுழாது தங்கச்சி" என்றார், ரயில்வே ஏதோ அவர் வீட்டுச் சொத்துபோல.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஒரு சந்தை நாள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கூட்டத்தைக் கண்டால் டிரைவர் நிறுத்தத்தில் நிறுத்த மாட்டார், நாலு பனை தூரம் தள்ளிப் போய் நிறுத்துவார், ஓடி வருகிறவர்கள் மட்டும் ஏறட்டும் என்று. அன்றும் அப்படித்தான். ஓடினேன். மூன்றாவது ஜன்னலில் பிள்ளையைக் கொடுத்தேன். பாய் வாங்கிக்கொண்டார். பின்பக்கம் ஓடினால், ஒரு ஆள் கத்தரிக்காய் மூட்டையைப் படியில் வைத்து அடைத்துக்கொண்டு, அதை உள்ளே தள்ளவும் முடியாமல் வெளியே எடுக்கவும் முடியாமல் நிற்கிறான். அவனுக்கு மேலே கண்டக்டர்.

"எடம் இல்ல, எடம் இல்ல. எட்டரைக்கி வா."

"எம் புள்ள உள்ள இருக்குது."

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏற விடாவிட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். உள்ளே எங்க மாமா இருக்காரு என்பார்கள், என் மூட்டை இருக்குது என்பார்கள். ஏறின பிறகு மாமாவும் இருக்க மாட்டார், மூட்டையும் இருக்காது. அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குப் புளித்துப் போயிருந்தது.

"எல்லாருக்கும் உள்ள ஒண்ணு இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினான்.

பஸ் போய்விட்டது. ஓடினேன். செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டும் ஓடினேன். அந்த இஞ்சின் சத்தத்தில் டிரைவருக்கு இடியே விழுந்தாலும் கேட்காது. மூன்றாவது ஜன்னலிலிருந்து பாயின் கை வெளியே வந்து ஆடிற்று. பயப்படாதே என்று ஆடியதா, ஓடி வா என்று ஆடியதா, தெரியவில்லை. வளைவில் பஸ் மறைந்துவிட்டது.

பிள்ளை என்ன ஆகுமோ என்று பதறியிருப்பேன் என்று நினைப்பீர்கள். ஒரு நிமிஷம் பதறினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாய் மடியில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. தெரிந்ததுதான். எனக்கு வந்தது வேறு. எல்லாம் செய்தாயிற்று. விடியும் முன் எழுந்து, சோறாக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, ஏழு மணிக்கே ரோட்டு முனைக்கு வந்தாயிற்று. எந்த இடத்திலும் நான் பிசகவில்லை. அப்படியும் மூன்றாவது புள்ளி கண் முன்னால் நிற்கிறது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாமல் ரோட்டில் நின்றேன்.

நல்ல வேளை, பத்து நிமிஷத்தில் களிமண் ஏற்றின லாரி ஒன்று வந்தது. எங்கள் கம்பெனிக்குப் போகிறது. டிரைவருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். முன்னால் இடமில்லை. மண்மேல் ஒரு சாக்கை விரித்து, இன்னொரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து போனேன். வழியில் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்க, நடுவில் அந்தப் பஸ். இறங்கி ஓடி மூன்றாவது ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பாய் இடத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிள்ளை இல்லை. கண்டக்டர் ரோட்டோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் பாயின் சோற்றுத் தூக்கு.

"பாய் எங்க?"

"அவரு கேட்டு சாத்தினதும் எறங்கி ஓடிட்டாரு. புள்ளய வச்சிக்கிட்டு இதத் தூக்க முடியாதுன்னு எங்கிட்டக் குடுத்துட்டாரு." என்னை ஏற இறங்கப் பார்த்தான். தலையெல்லாம் களிமண். "நெசமாலுமே உள்ள புள்ள இருந்துச்சா? நீ சும்மா சொல்றன்னுல்ல நெனச்சேன்."

"தெனமும் ராணின்னு கூப்புட்டியே. ராணி கையில புள்ள இல்லியேன்னு பாக்கத் தெரியல?"

அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. நேரமில்லை.

பாய் போனபோது தண்டவாளம் காலியாக இருந்திருக்க வேண்டும். இப்போது சரக்கு வண்டி குறுக்கே வந்து நின்றிருந்தது. கையில் பிள்ளை இல்லாததால் அன்றைக்கு நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு பெட்டிக்கு நடுவில் குனிந்து புகுந்தேன். சேலையில் மசி அப்பிக்கொண்டது. அந்தப் பக்கம் போய், அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஓடினேன்.

காப்பகத்துத் தெருவுக்குள் நுழையும்போதே பாயின் குரல் கேட்டது.

"எட்டு அடிக்கறதுக்கு ஆறு நிமிசம் முன்னாடியே வந்துட்டேம்மா. இதோ பாருங்க என் கடியாரத்த."

"ஒங்க கடியாரத்த நான் கேக்கல. நீங்க யாரு? புள்ளைக்கு அப்பாவா, மாமாவா?"

"பஸ்ஸுல வர்றவன்."

"பஸ்ஸுல வர்றவங்க கொண்டாந்து குடுக்குற புள்ளயெல்லாம் வாங்கிப் போட, இது என்ன ரயில்வே லக்கேஜ் ஆபீஸா?"

பாய் கீழ்ப்படியில் நின்றார். பிள்ளை அவர் தோளில் சாய்ந்து தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. டீச்சரம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். உள்ளே சுவர்க் கடிகாரத்தில் எட்டு மணி அடித்து ஓய்ந்து எட்டு ஐந்து ஆகியிருந்தது.

டீச்சரம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுக்கிற பிள்ளையை வாங்கினால், யாரோ ஒருவர் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டி வரும். இது எனக்குப் பிற்பாடு புரிந்தது. ஆனால் வாங்க மாட்டேன் என்று வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, எட்டு அடித்ததும் நோட்டைக் கையில் எடுத்தாரே, அது எந்த ஊர் நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் முதலில் பாய்மேல்தான் பாய்ந்தேன். "ஒங்கள யாரு எறங்கச் சொன்னது? பஸ்ஸுலயே இருந்திருந்தா கேட்டுலயே நான் வாங்கியிருப்பேன்ல?"

"எறங்காம இருந்திருந்தா, ஏன் பாய் எறங்கலன்னு கேட்டிருப்ப" என்றார் அவர். மூச்சு வாங்கியது அவருக்கு. "மூணாவது வுழக் கூடாதுன்னு இந்த வயசுல தண்டவாளத்துல ஓடி வந்திருக்கேன் தங்கச்சி. ஒம் மவ வழிநெடுக என் தொப்பியத் தின்னுக்கிட்டே வர்றா. காலைல ஒண்ணும் குடுக்கலியா நீ?"

அவர் பஸ்ஸிலேயே இருந்திருந்தாலும், குறுக்கே நின்ற வண்டியைப் பிள்ளையோடு நான் தாண்டியிருக்க மாட்டேன். எப்படியும் தாமதம்தான். ஆனால் யோசித்துவிட்டா கோபம் வருகிறது? பிள்ளையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

டீச்சரம்மா சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"தாமசமா வந்தது நானு. புள்ள நேரத்துக்கு வாசல்ல இருந்திச்சி" என்றேன். "புள்ள பேருக்கு எப்புடி புள்ளி வைப்பீங்க?"

"நேரத்துக்கு வந்துச்சின்னு யாரு பாத்தா?"

"நான் பாத்தேம்மா" என்று உள்ளேயிருந்து ஆயா சொன்னாள். தூளியை ஆட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொன்னாள். "எட்டு அடிக்கறதுக்கு முந்தியே அவரு வந்து நின்னாரு."

டீச்சரம்மா ஆயாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். எனக்கு உயிர் வந்தது. "சரி, புள்ளி வைக்கல. ஆனா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று உள்ளே போய், ஒரு வெள்ளைத்தாளில் அவரே எழுதிக்கொண்டு வந்தார். கூடவே மைப்பெட்டி.

"கட்டைவிரல வைங்க."

"எனக்குக் கையெழுத்து வரும்" என்றேன்.

"அப்ப போடுங்க."

"படிச்சிட்டுப் போடுறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாய்விட்டே படித்தேன். பிள்ளையை அந்நியர் கையில் கொடுத்தது என் கவனக்குறைவு. இனிமேல் பஸ்ஸில் வரும்போது பிள்ளையை யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். மீறினால் என் பிள்ளையின் பெயரை எடுத்துவிடலாம். இவ்வளவுதான். படித்து முடிப்பதற்குள் என் காது சூடாகிவிட்டது.

"டீச்சரம்மா, இது நடக்காது."

"எது நடக்காது?"

"யாரு கையிலயும் குடுக்காம அந்த பஸ்ஸுல வர முடியாது. ஒரு கையில கம்பியப் புடிக்கணும். பிரேக் போட்டா நாலு பேரு மேல வுழுவான். புள்ளய நசுக்கிப்புடுவாங்க."

"ஏன் நின்னுக்கிட்டு வர்றீங்க? உக்காந்து வர வேண்டியதுதான?"

பாய் சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்து, முடியாமல்தான் சிரித்தார். அதுதான் வினையாகப் போயிற்று. டீச்சரம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"கையெழுத்துப் போடறீங்களா, பேர அடிக்கட்டுமா?"

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் சங்கு ஊதியது. அங்கே என் பலகையில் துணியை எடுத்திருப்பார்கள். டீச்சரம்மாவின் தோளுக்குப் பின்னால் என் பிள்ளையின் தூளி தெரிந்தது. என் பழைய நீலச் சேலையில் கட்டினது. அதில் வேறொருத்தி தன் சேலையைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அன்று சாயங்காலமே கட்டிவிடுவாள்.

அதுவரை என் பெயரை நான் மூன்று இடத்தில்தான் எழுதியிருந்தேன். மாதா கோயிலில் கல்யாணப் புத்தகத்தில் ஒன்று. கம்பெனியில் சேர்ந்த அன்று ஒன்று. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஒன்று. மூன்றும் உண்மைக்குக் கீழே எழுதினது. நாலாவது இது. நாளைக் காலையிலேயே மீறப்போகிற வாக்கு என்று தெரிந்தே, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தாளைச் சுவரில் வைத்து மெள்ள எழுதினேன். டீச்சரம்மா வாங்கிப் பார்த்து, "எழுத்து குண்டு குண்டா நல்லாத்தான் இருக்குது" என்றார். பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

கம்பெனிக்குப் போனபோது எட்டரை தாண்டிவிட்டது. மேஸ்திரி திட்டவில்லை, என் பலகையைக் காட்டினார். பாதிக் கப்புகள் ஓரம் வெளுத்துக் காய்ந்திருந்தன. அவற்றைத் தட்டி உடைத்து, கரைக்கிற தொட்டியில் நானேதான் போட்டேன். என் பலகையிலிருந்து தொட்டிக்கு மண் போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று முயற்சி செய்துதான் பார்த்தேன். பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டே பின்படியில் ஏறினேன். கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். பாய் என்னைப் பார்த்தார். கை நீட்டவில்லை. அவரும் அந்தத் தாளில் எழுதியிருந்ததைக் கேட்டவர்தானே. முதல் பிரேக்கில் என் நெற்றி கம்பியில் இடித்தது. இரண்டாவது பிரேக்கில் பிள்ளை வீறிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோர்க்காரம்மா, "குடு இத்த, என்னா வீம்பு" என்று பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. நாலு ஆளைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது ஜன்னலுக்குப் போனேன்.

"புடிங்க பாய்."

"பேப்பர்ல எழுதிக் குடுத்திட்டியேம்மா."

"பேப்பரு டீச்சரம்மாகிட்ட இருக்குது. புள்ள இங்க இருக்குது. புடிங்க."

வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஈரமா, காய்ந்ததா என்று கேட்கவில்லை. கேட்டில் இறங்கி நடக்கும்போதுதான், நேற்று அவரை வைததற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அதற்குள் பஸ் தூரத்தில் நின்றிருந்தது.

அப்புறம் புள்ளி விழவில்லை. பெண்ணுக்கு மூன்றரை வயது ஆகும்வரை அந்தத் தூளியும், பிறகு அங்கே படுக்க ஒரு கோரைப்பாயும் அவளுக்கு இருந்தது. அவ்வளவு நாளும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அந்த வாக்கை மீறிக்கொண்டே இருந்தேன். டீச்சரம்மா அடிக்கடி கேட்பார், "புள்ளய யாருகிட்டயும் குடுக்கறதில்லையே?" நான், "இல்லீங்க" என்பேன். பொய் சொல்கிற வாய் இல்லை என்னுடையது. அதைச் சொல்ல வைத்தார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு மாதா கோயிலுக்குப் போவேன். பக்கத்து வீட்டுக்காரியை ஏசினதைச் சொல்வேன். கண்டக்டரைச் சபித்ததைச் சொல்வேன். பாயை வைததையும் சொன்னேன். அந்த வாக்கை மீறுவதை மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் மன்னிப்பார், எனக்குத் தெரியும். ஆனால் மன்னிப்பதற்கு முன்னால், இனிமேல் இதைச் செய்வதில்லை என்று சொல்லச் சொல்வார். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் செய்யத்தான் போகிறேன். செய்யாவிட்டால் பிள்ளைக்கு இடமில்லை. டீச்சரம்மாவுக்கு ஒரு வாக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அதே மாதிரி இன்னொன்றைச் சாமியாரிடமும் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.